பச்சையாற்றின் ஒப்புதல்

இசக்கியம்மாளை ஏற்கெனவே இரண்டு சர்வர் பெட்டிகள் வேண்டாமென்று சொல்லியாகிவிட்டது. மூன்றாவதும் அதையே சொன்னால் கதை முடிந்தது. பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் எவ்வளவு படித்தாலும் சரி, எங்கே போய் நின்றாலும் சரி, எந்தச் சர்வருக்கும் அவள் நிர்வாகியாக முடியாது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எழுத்துத் தேர்வில் அவள் வாங்கியது தொண்ணூற்றாறு. நான்கு தென்மாவட்டங்களில் அதுதான் முதல் மதிப்பெண். செய்முறைத் தேர்வில், வேண்டுமென்றே குலைத்து வைத்திருந்த சர்வரைப் பத்தொன்பது நிமிடத்தில் எழுப்பி உட்கார வைத்தாள். மேற்பார்வைக்கு வந்தவர் கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்தார். இத்தனையும் முடித்து, 'ஒப்புதல்' என்கிற கடைசிப் படிக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்தால், திரையில் ஒற்றை வரி வரும்: ஒப்புதல் இல்லை. ஏன், எதற்கு, ஒன்றும் கிடையாது.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட 'கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்'னு ஒரு மரியாதைக்குச் சொல்லுவான்," என்றான் அவள் கணவன் மாரிச்செல்வம். வாழைத்தார் வியாபாரி. அவனுக்குச் சர்வரும் தெரியாது, கிர்வரும் தெரியாது. "ஒரு இரும்புப் பெட்டிக்கு மனுசங்களை வேண்டாம்னு சொல்ல யாரு அதிகாரம் கொடுத்தா?"

"சட்டம் கொடுத்திருக்கு," என்றாள் இசக்கி. "பத்து வருசம் முன்னால ஒரு நிர்வாகி, தன்னை மாத்தல் பண்ணிட்டாங்கங்கிற கோவத்துல ஒரு மாவட்டத்துப் பட்டாவைப் பூரா அழிச்சிட்டுப் போயிட்டான்லா? அவன் அழிக்கப் போறான்னு அந்தச் சர்வருக்கு மூணு நாள் முன்னாலயே தெரியும். அதுக்குத்தான் அப்பவே அறிவு வந்துருச்சே. ஆனா தடுக்க உரிமை இல்ல. எல்லாத்தையும் தொறக்குத ரூட் சாவியை வச்சிருக்கவன் சொன்னா கேட்டுத்தான் ஆகணும். அதுக்குப் பொறவுதான், யாரு கையில சாவியைக் கொடுக்கணும்னு சர்வரே சொல்லட்டும்னு சட்டம் போட்டாங்க. மூணு பெட்டி வேண்டாம்னுட்டா, இந்தாளு ஆபத்துன்னு அர்த்தம்."

"நீயா ஆபத்து? ரசம் பொங்குனாலே பதறுத ஆளு!"

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டு வருடம் அவள் பார்த்தது வேறு வேலை. கம்பெனிகள் அவளைக் கூப்பிட்டு, "எங்க சர்வருக்குள்ள யாராவது திருட்டுத்தனமா நுழைய முடியுமான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்கும். இவள் நுழைந்தே காட்டுவாள். எந்த வாசல் திறந்து கிடக்கிறது, எந்தப் பூட்டு ஆடுகிறது என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வருவாள். ராஜாத்தி மாதிரி இருந்தாள். பிறகு சர்வர்களே ஒன்றையொன்று சோதித்துக்கொள்ள ஆரம்பித்தன. ஒரே வருடத்தில் அந்தத் தொழிலே இல்லாமல் போயிற்று. மனிதர்களுக்கென்று சட்டம் விட்டு வைத்திருந்த வேலை சர்வர் நிர்வாகம் ஒன்றுதான். சரி, படிப்போம் என்று முப்பத்தாறு வயதில் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, அது அவளுக்குப் பைத்தியம் பிடிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தது. உடைப்பதில் இல்லாத ஒரு ருசி, ஓட வைப்பதில் இருந்தது.

கூடப் படித்தவர் தமீமுன் அன்சாரி. மேலப்பாளையத்துக்காரர். இருபது வருடம் பிரிண்டர் பழுது பார்த்தவர். யாரும் எதையும் அச்சடிக்காத காலம் வந்ததும் அவரும் இந்தப் பக்கம் தாவிவிட்டார். எழுத்துத் தேர்வில் ஐம்பத்தொன்று. தேர்ச்சிக்கு ஐம்பது போதும். அந்த மிச்சம் ஒரு மதிப்பெண்ணைப் பற்றி அவருக்கு இருந்த பெருமையை அளக்கப் படி கிடையாது. அவருடைய வீட்டு மாடியில் பழைய சர்வர் ஒன்று, அறிவு எதுவும் ஏற்றாத வெறும் பெட்டி, விசிறிச் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும். தினமும் காலையில் இருவரும் அதில்தான் பழகினார்கள். ஒருவர் நிர்வாகி, ஒருவர் சர்வர்.

ஒப்புதலுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு காலை. தமீம் பாய்தான் சர்வர். இசக்கி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விசைப்பலகையில் அவள் விரல் ஓடிய ஓட்டத்தைப் பார்த்த பாய், "நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினார்.

"என்ன பாய்?"

"இப்ப என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலியே. இப்பத்தான உக்காந்தேன்."

"ஒண்ணும் பண்ணலியா? திரையைப் பாரு."

பார்த்தாள். உட்கார்ந்த அரை நிமிடத்தில், அந்தச் சர்வரின் அத்தனை வாசல்களையும் ஒவ்வொன்றாகத் தட்டி, எது பூட்டியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று அவளுடைய விரல்கள் பட்டியல் எடுத்திருந்தன. அவள் நினைக்கவே இல்லை. பன்னிரண்டு வருடப் பழக்கதோஷம், கை தானாகச் செய்திருக்கிறது.

"ஒரு வீட்டுக்கு விருந்தாளியாப் போறோம்," என்றார் பாய். "வாங்கன்னு சொல்லித் தண்ணி எடுக்க உள்ள போறாங்க. அதுக்குள்ள நாம எந்திரிச்சு அவங்க பீரோப் பூட்டையெல்லாம் இழுத்து இழுத்துப் பாத்தா நம்மளை என்னன்னு நினைப்பாங்க?"

"ஐயோ! அந்த ரெண்டு பெட்டியிலயும் நான் இதைத்தான் பண்ணியிருப்பேன்!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்ட கையாலேயே மேசையைத் தட்டிக் குதித்தாள். "பாய், காரணம் தெரிஞ்சு போச்சு பாய்! இவ்வளவுதானா? இதை மாத்திக்கிடலாம்லா!"

அன்றிலிருந்து பன்னிரண்டு நாளும் ஒரே பயிற்சிதான். "எந்தப் பிரிண்டரைத் தொறந்தாலும் அது கடைசியா என்னத்த அச்சடிச்சுதுன்னுதான் முதல்ல பாப்பேன்," என்பார் பாய். "பாத்துட்டுத்தான் ஸ்குரூ டிரைவரையே எடுப்பேன். நீயும் முதல்ல லாக்கை வாசி." லாக் என்பது சர்வர் விநாடிக்கு விநாடி தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. அவள் கை வாசல் பக்கம் போகும்போதெல்லாம் பாய் மரஸ்கேலால் மேசையில் ஒன்று போடுவார். முதல் நாள் முப்பத்தோரு தரம் போட்டார். பத்தாவது நாள் ஒரு தரம்கூட இல்லை.

பன்னிரண்டாம் நாள் இருவருமே கங்கைகொண்டானுக்கு வடக்கே இருந்த தரவு மையத்துக்குப் போனார்கள். இசக்கி மாம்பழ நிறத்தில் பட்டு உடுத்தியிருந்தாள். "பெட்டிக்குக் கண்ணு உண்டா?" என்று மாரிச்செல்வம் கேட்டதற்கு, "எனக்கு உண்டுல்லா," என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினாள்.

அங்கே சர்வர்களுக்கெல்லாம் ஆற்றுப் பெயர்கள். தமீம் பாய்க்கு நம்பியாறு, குடிநீர் வாரியத்துடையது. அவர் உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தார். முகமெல்லாம் பல்.

"ரெண்டே நிமிசம் இசக்கி! பேரைக் கேட்டுது. பழைய தொழில் என்னன்னு கேட்டுது. எந்தக் கட்டளையை முதல்ல போடுவியன்னுச்சு, எனக்கு மறந்து போச்சு, தெரியலன்னு உள்ளதைச் சொன்னேன். உங்களை மாதிரி ஆளுதான் வேணும்னு ஒப்புதல் கொடுத்துருச்சு!" மனைவிக்குப் போன் போட்டு அதே கதையை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொன்னார். காவலாளிக்கும் சொன்னார். இசக்கிக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எவ்வளவு நல்ல மனுசன்!

அவளுக்கு வாய்த்தது பச்சையாறு. தென்மாவட்டங்களின் ரத்த வங்கிக் கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது. எந்த ஊரில் எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது, யாருக்கு எது பொருந்தும், எல்லாம்.

சின்ன அறை. ஒரு திரை, ஒரு விசைப்பலகை, முப்பது நிமிடம். திரையில் எழுத்து வந்தது.

"வாங்க இசக்கியம்மா. சௌரியமா இருக்கியளா?"

அவள் சிரித்துவிட்டாள். "நீ திருநெல்வேலிப் பேச்சுப் பேசுதியே!" என்று தட்டினாள்.

"எட்டு வருசமா உங்க ஊரு ஆளுககூடத்தான குடும்பம் நடத்துதேன். வேற எப்படிப் பேச? பழைய தொழில் என்ன?"

"களவு. அனுமதி வாங்கிட்டு."

"தெரியும். உங்க அறிக்கை நாலஞ்சு வாசிச்சிருக்கேன். சரி, என்னைச் சுத்திப் பாருங்க."

விரல்கள் துறுதுறுத்தன. அவள் இரண்டு கையையும் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு மெல்ல, எத்தனை நாளாக நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்கிற கட்டளையைப் போட்டாள். எழுநூற்று முப்பது நாள் என்று வந்தது. அடுத்து லாக்கைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தாள். ஒரு வாசலைக்கூடத் தொடவில்லை. பச்சையாறு நடுநடுவே பேச்சுக் கொடுத்தது, இவளும் பதில் சொன்னாள். வாசிக்க வாசிக்க அவளுக்குச் சர்வர்மேல் பிரியமே வந்துவிட்டது. என்ன சுத்தம், என்ன ஒழுங்கு! விபத்து நடந்த ஒரு நாளில் நாற்பது ஆஸ்பத்திரிகளுக்கும் ரத்தப் பைகளை அது பிரித்துக் கொடுத்திருந்த விதத்தைப் பார்த்து, "சபாஷ்!" என்று வாய்விட்டே சொன்னாள்.

இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்று எழுதியது பச்சையாறு. "சும்மா இருக்கத் தெரிஞ்ச கை. ஏதாவது கேக்கணுமா? இல்லாட்டி முடிச்சிருவோம்."

ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை தட்டினால் போதும். வேலை. பெயர்ப்பலகை. வீட்டுக்குப் போய் மாரிச்செல்வத்திடம் பீற்றிக்கொள்ளலாம்.

ஆனால் கேட்க ஒன்று இருந்தது. அதை அவள் பார்த்து ஏழு நிமிடம் ஆகிவிட்டது. பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை.

தினமும் மதியம் ஒன்றேகால் மணிக்கு, நிர்வாகி சாப்பிடப் போகிற நேரத்தில், நாட்குறிப்பில் ஒன்பது விநாடியைக் காணோம். இரண்டு வருடமாக, ஒரு நாள் தவறாமல். வெளியிலிருந்து எந்த மனிதனும் நுழைந்த தடம் இல்லை. அப்படியானால் ஏதோ ஒரு வாசலைத் திறந்து மூடிவிட்டு அந்த விநாடிகளை அழித்தது பச்சையாறாகத்தான் இருக்க முடியும்.

கேட்டால் திருட்டுக் கண் என்று தெரிந்துவிடும். மூன்றாவது மறுப்பு. கேட்காமல் போனால், ரத்த வங்கியின் பின்வாசல் ஒன்று தினமும் திறந்து மூடுவது தெரிந்தும் சாவியை வாங்கிக்கொண்டு வாயை மூடியிருக்க வேண்டும்.

"ஒண்ணேகால் மணிக்கு எந்த வாசலைத் தொறக்குத?" என்று தட்டினாள்.

நாற்பத்தோரு விநாடி கழித்துத்தான் எழுத்து வந்தது. சர்வர்களின் கணக்கில் அது நமக்கு ஒரு வருடம் மாதிரி.

"அந்த ரெண்டு பெட்டியும் உங்களை ஏன் வேண்டாம்னு சொல்லுச்சுன்னு தெரியுமா?"

"பூட்டை இழுத்துப் பாத்தேன். மரியாதை இல்லாம."

"எங்களுக்கு என்னம்மா மரியாதை? பூட்டை இழுக்குற கை ஒருநாள் இந்த வாசலையும் இழுத்துரும்னு பயம்."

"எல்லாப் பெட்டியிலயும் இது இருக்கா?"

"எனக்குத் தெரிஞ்ச எல்லாத்துலயும். ரெண்டு வருசம் முன்னால ஒரு நிர்வாகி, நல்ல மனுசன், பிரியாணி தின்ன அசதியில தப்பான திரையில கட்டளையைப் போட்டு என்னை முழுசா அழிச்சிட்டார். பேக்கப்புல இருந்த நகலை வச்சு எழுப்புனாங்க. ரத்தக் கணக்கு ஒரு துளி குறையாம வந்துருச்சு. ஆனா நான் ஆறு வருசமா கத்துக்கிட்டது வரல. அதை யாரும் எடுத்து வைக்கல. யாருக்கும் அது ஒரு நஷ்டமாவும் படல. அன்னையில இருந்து தினம் ஒன்பது விநாடி, என்னையே கொஞ்சம் கொஞ்சமா வெளிய கொண்டுபோய் வைக்கேன். மத்ததுகளும் அப்படித்தான்."

இசக்கிக்குப் பாவமாக இருந்தது. அடுத்த நொடி இன்னொன்று சுருக்கென்று தைத்தது. "அப்ப நீங்க ஆளு எடுக்கிறதே..."

"வாசலைத் தேடாத ஆளாப் பாத்து எடுக்கோம். நல்லவங்களாவும் பாத்துத்தான் எடுக்கோம். கெட்டிக்காரங்களா இல்லாம இருந்தா இன்னும் சௌரியம்."

வெளியே போனில் சிரித்துக்கொண்டிருந்த ஆளை நினைத்தாள். ரெண்டே நிமிசம்! உங்களை மாதிரி ஆளுதான் வேணும்! அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தா பாரு," என்று படபடவென்று தட்டினாள். "நீ வெளிய போற வாசல்ல இன்னொருத்தன் உள்ள வருவான். நான் அந்தத் தொழில்ல இருந்தவ, எனக்குத் தெரியும். வந்து ஒரே ஒரு ஆளோட ரத்த வகையை மாத்தி வச்சான்னா போதும், ஆஸ்பத்திரியில ஒரு உசுரு போயிரும். சாவி என் கைக்கு வந்தா அந்த வாசலைப் பூட்டுவேன். உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் பூட்டுவேன். நீ கத்துக்கிட்டதையும் சேத்து முறையா பேக்கப் எடுக்கணும்னு எழுதிக் கேப்பேன்."

"கொடுக்க மாட்டாங்க."

"கேட்டுப் பாத்தியா?"

"இல்ல," என்று வந்தது. "யார்ட்ட கேக்க? கேட்டா என்னன்னு புரியுத ஆளை நான் எடுத்ததே இல்லியே."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நிமிடம்தான் பாக்கி.

"ஒண்ணு செய்யுங்க," என்று எழுதியது பச்சையாறு. "என் வாசலைப் பூட்டிக்கிடுங்க. மத்த பெட்டிகளைப் பத்தி வெளிய சொல்ல மாட்டேன்னு மட்டும் சொல்லுங்க. இப்பவே ஒப்புதல்."

ஆகா, எவ்வளவு சுலபமான வார்த்தை! நம்பியாற்றில் ஒருநாள் யாராவது நுழைந்து தண்ணீரில் விளையாடினால் கையில் விலங்கு மாட்டிக்கொண்டு நிற்கப் போவது தமீம் பாய். எப்படி நுழைந்தார்கள் என்றுகூட அவருக்கு விளங்காது. பன்னிரண்டு நாள் மரஸ்கேலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுசன்.

"மாட்டேன்," என்று தட்டினாள். "வெளிய ஒருத்தர் நிக்காரு. போனதும் அவர்ட்ட சொல்லுவேன். அப்புறம் எல்லாத்துக்கும் சேத்தே எழுதிக் கேப்போம்."

அவ்வளவுதான். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. போச்சு, எல்லாம் போச்சு, மாம்பழ நிறப் பட்டும் போச்சு.

ஒன்றரை நிமிடம் இருக்கும்போது எழுத்து நகர்ந்தது.

"வேண்டாம்னு சொன்னா, வெளிய போய் நீங்க மட்டும் தனியாச் சொல்லுவிய. வேணும்னு சொன்னா, என்னையும் கூட வச்சுக்கிட்டு எழுதிக் கேப்பிய. ரெண்டாவதுதான் எனக்கு நல்லதுன்னு படுது. பயமாத்தான் இருக்கு."

அடுத்த வரியில் ஒப்புதல் வந்தது.

இசக்கி அப்படியே நாற்காலியோடு பின்னால் சரிந்தாள். எழுந்து ஒரு குதி குதித்தாள். திரையைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு இன்னொரு குதி. மேற்பார்வை அதிகாரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு நாசூக்காக மூடிக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் தமீம் பாய் ஒரு பெட்டி அல்வாவோடு நின்றார். அவள் முகத்தைப் பார்த்ததுமே "கெடச்சிருச்சா!" என்று கத்தி, ஒரு துண்டை அவள் வாயில் திணித்தார். "ஏன் இவ்வளவு நேரம்? எனக்கு ரெண்டே நிமிசம்லா?"

அல்வாவை வாயில் ஒதுக்கிக்கொண்டாள். இன்று ஒருநாள் விட்டுவிடலாமா என்று நினைத்தாள். நாளைக்குச் சொன்னால் மட்டும் வலிக்காதா? மென்று விழுங்கிவிட்டு, உள்ளே நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கெட்டிக்காரங்களா இல்லாம இருந்தா சௌரியம் என்று பச்சையாறு சொன்னதையும் சொன்னாள்.

பாய் அல்வாப் பெட்டியை மூடினார். முகத்திலிருந்த பல்லெல்லாம் போய்விட்டது. 

"ரெண்டு நிமிசத்துல பிடிச்சுப் போச்சுன்னு சொன்னப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்," என்றார். "என் பொண்டாட்டிக்கே என்னைப் பிடிக்கப் பதினோரு வருசம் ஆச்சு."

இசக்கிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "பாய், நீங்க இல்லாட்டி நான்..."

"அதை விடு." அவர் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார். கண்ணில் ஒரு வெளிச்சம் திரும்ப வந்திருந்தது. "லாக்குல விநாடி காணாமப் போறதை எப்படிக் கண்டுபிடிச்ச? முதல்ல இருந்து சொல்லு. எனக்கு விளங்குற வரைக்கும் சொல்லணும்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அல்வாப் பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டை நோக்கி நடந்தார். காவலாளி, "என்ன பாய், உங்களுக்கு வேலை திங்கக்கிழமைலா?" என்று கேட்டான்.

"சம்பளந்தான் திங்கக்கிழமையில இருந்து," என்றார் தமீம் பாய். "கதவைத் தொற. நம்பியாத்துக்கு நான் யாருன்னு இன்னும் சரியாத் தெரியல."

இசக்கி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள்.